அடி சீவாத துளைகள்

தம்பி,

கையெழுத்து உன் தங்கையுடையது. சொல்வது நான், உன் அம்மா. என் வலது கையில் இரண்டு விரல்கள் கட்டுக்குள் இருக்கின்றன. அது எப்படி ஆனது என்று பின்னால் சொல்கிறேன். நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு போவதை இவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுகிற தமிழுக்கு மாற்றி எழுதுகிறாள். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் புரள்கிற சத்தம் கேட்டால் இவள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. உன் போன் அணைந்தே கிடக்கிறது. எங்கள் இரண்டு பேர் போனையும் அப்பா வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால் காலையில் இவள் சீருடையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறி உன் மாமனார் வீட்டுக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பாள். தனியாக அவ்வளவு தூரம் இவள் வந்ததில்லை. இவளைக் கடிந்துகொள்ளாதே.

இதை நீ படிக்கிற அன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஐஸ் ஏற்றி டீசல் ஊற்றி வைத்திருக்கிற விசைப்படகுகள் எல்லாம் விடிவதற்குள் துறைமுகத்தை விட்டுப் போய்விடும். அவற்றில் சிலவற்றில் நீ வெட்டிய கப்ளிங் இருக்கிறது. எந்தெந்தப் படகு என்று உனக்கு மட்டும்தான் தெரியும். வந்து சொல். நான் கேட்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ வரவேண்டும் என்பதற்காகச் சொல்வது.

உன் கல்யாணம் முடிந்த மறுநாளே உனக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன். மற்ற அம்மாக்கள் சொல்கிற மாதிரி, பெண்டாட்டியிடம் எதையும் மறைக்காதே, மாமனார் வீட்டில் அதிக நாள் தங்காதே என்றெல்லாம் சொல்ல ஆசைப்பட்டேன். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். மறைக்காதே என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றும் தோன்றியது. வீட்டோடு ஒட்டிய நம் லேத் பட்டறையே ஒரு மறைப்பில் நடந்ததுதானே. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கையில் எடுத்த வேலையைக் கொடுத்தாக வேண்டும். அவர் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் லேத்தில் நின்றேன். அவர் எழுந்த பிறகும் நான் நகரவில்லை. அவருக்கும் அது தேவையாக இருந்தது. ஆனால் ஷட்டர் பாதி இறங்கியே இருக்கும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் நான் மெஷினை விட்டு விலகி அடுப்புப் பக்கம் போய்விடுவேன், அவர் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஒருமுறை படகுக்காரர் ராஜாங்கம் வந்து, நான் அப்போதுதான் முடித்து வைத்திருந்த ஒரு புஷ் வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேஸ்திரி, ஒன் கை பட்டா கண்ணாடி மாதிரிதான் இருக்குது போ. புதுச்சேரிக்காரன்லாம் ஒன்கிட்ட பிச்சை வாங்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார். நான் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணி, டீயில மட்டும் சர்க்கரை ஜாஸ்தி. அதையும் மேஸ்திரியவே போடச் சொல்லு" என்றார். அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பையோடு ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உன்னிடம் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. யார் வெட்டினாலும் அப்பா பேரில் போகும் என்பது நம் வீட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது. நீ ஐடிஐ முடித்து வந்து நின்றபோது உன் வேலையும் அப்படியே அவர் பேரில் போயிற்று. எந்தச் சாமானிலும் ஒரு குறி வைக்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஒரு புள்ளி தட்டி வைத்திருந்தால்கூட இன்று உன்னை நான் கூப்பிட வேண்டியதில்லை.

கப்ளிங் என்றால் என்ன, அதில் என்ன தப்பு நடந்தது என்று உன் தங்கை கேட்கிறாள். உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்வதாக நினைக்காதே. இவள் பஸ்ஸில் இதை மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிறவள், எதைச் சுமக்கிறோம் என்று தெரிந்து வரட்டும். எஞ்சின் நடுப்படகில் இருக்கிறது. விசிறி பின்னால் தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஷாஃப்ட். ஷாஃப்டின் முன்முனையில் ஒரு கனத்த இரும்புத் தட்டு, எஞ்சினின் பின்முனையில் இன்னொன்று. இரண்டு தட்டையும் முகத்தோடு முகம் வைத்துப் போல்ட் போட்டு முடுக்குவார்கள். இந்த ஜோடிதான் கப்ளிங். ஷாஃப்ட் அதன் தட்டை விட்டு நழுவாமல் இருக்க, முனையில் ஒரு பெரிய நட்டு உண்டு. அந்த நட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இரண்டு முகமும் ஒட்டாது. அதனால் தட்டின் நடுவில், நட்டு முழுவதும் உள்ளே இறங்குகிற மாதிரி, அகலமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். கவுண்டர் போர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்தப் பள்ளத்தின் அடி தரை மாதிரி சமமாக இருக்க வேண்டும். அதில்தான் வேலையே இருக்கிறது. ட்ரில் போட்டால் அடி கூம்பாக நிற்கும். போரிங் டூலை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால், ஒவ்வொரு தடவை டூல் போய் நின்ற இடத்திலும் வளையம் வளையமாக ஒரு சிறு மேடு நிற்கும். அகலம் வந்துவிட்டது, ஆழம் வந்துவிட்டது, ஆனால் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். கடைசியாக டூலின் முனையைச் சரியான ஆழத்தில் நிறுத்திவிட்டு, அடியைக் குறுக்கே மெதுவாக ஒருமுறை சீவிக்கொண்டு வர வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய இரும்புச் சுருள் அடைத்துக்கொள்ளும். டூல் நீண்டு போய் நிற்பதால் நடுங்கும், கீச்சென்று கத்தும். வேகத்தைக் குறைத்து, சுருளை ஊதி எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும். நேரம் பிடிக்கும். இதைச் செய்யாமல் விட்டால் மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆழத்தை அளக்கிற கம்பி ஏதாவது ஒரு பள்ளத்தில் போய் நின்று அளவு சரி என்றுதான் சொல்லும். நட்டைப் போட்டு முடுக்கினால் நன்றாக இறுகும். ஆனால் நட்டு உட்கார்ந்திருப்பது ஒரு மெல்லிய மேட்டின் மேல். எஞ்சின் ஓட ஓட அந்த மேடு நசுங்கும். மேடு நசுங்கினால் நட்டு தளரும்.

தடைக்காலத்தில் எல்லாப் படகையும் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இந்த வருஷம் கப்ளிங் வேலை ஜாஸ்தி. அப்பா வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். பகலில் நீ, ராத்திரி ஷட்டரை இறக்கியபிறகு நான் என்று மெஷின் ஆறவே இல்லை. ஒருநாள் நீ ஒரு தட்டை லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அடி சீவுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"அடி சீவினியாடா?" என்றேன்.

"அளவு வந்துடுச்சும்மா. நட்டைப் போட்டு மூடிட்டா எவன் உள்ள எட்டிப் பாக்கப் போறான்?"

"மறுபடி சக்குல ஏத்து. நான் சீவித் தரேன்."

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வெளிய நீ லேத்து ஓட்டுறதே ஒருத்தனுக்கும் தெரியாது. உள்ள மட்டும் எனக்கு நீ மேஸ்திரியா?" என்றாய். அப்பா சிரித்தார். "வுடு, பையன் சரியாதான் செஞ்சிருப்பான்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தத் தட்டு எந்தப் படகுக்குப் போயிற்று என்று கேட்கவில்லை. உன் வார்த்தை சுட்டது என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். ஒரு பாத்திரத்தைத் தேய்க்கிற நேரத்துக்குக்கூட அந்தக் கோபம் நிற்கவில்லை. ஆனால் அதற்குள் ஆள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முருகையன் இறந்தது எப்படி என்று நீ முழுசாகக் கேட்டுக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாய். நான் சொல்கிறேன். அவர் தேவனாம்பட்டினத்துக்காரர், நம் பட்டறைக் கப்ளிங் மாட்டியிருந்த ஒரு படகின் டிரைவர். தண்ணீரில் இறக்கி எஞ்சினை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். முன்னால் போகிறவரை ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் போட்டதும் விசிறி ஷாஃப்டைப் பின்பக்கம் இழுத்தது. தளர்ந்திருந்த நட்டு கழன்று ஷாஃப்ட் நழுவியது. ஷாஃப்ட் வெளியே போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டையை அடைக்க அவர் சாக்கை எடுத்துக்கொண்டு எஞ்சின் குழிக்குள் இறங்கினார். எஞ்சினை நிறுத்தச் சொல்லி மேலே கத்தியிருக்கிறார். நிறுத்துவதற்குள் சுற்றிக்கொண்டிருந்த தட்டில் அவர் கைலி மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உயிர் இருந்தது. அன்றைக்கே நீயும் உன் மனைவியும் சிதம்பரம் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டுக்கு நான் போனேன். அப்பா வரவில்லை. அங்கே பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "ரிவர்ஸை அவ்ளோ வேகமா போட்டா எந்த நட்டுதான் நிக்கும்?" "காலையிலியே கொஞ்சம் போட்டிருப்பான்." அவர் குடிக்காதவர், தம்பி. அவர் மனைவி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. உயிரும் போய், தப்பும் அவர் தலையில் ஏறிவிட்டது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாயில் இருந்த உண்மையை அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நான் படகு கட்டுகிற யார்டுக்குப் போனேன். மேஸ்திரி அனுப்பினார், முடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று காவல்காரரிடம் சொன்னேன். இரண்டு படகு மட்டும் இன்னும் கரைமேல் இருந்தன, மற்றவை தண்ணீரில் இறங்கிவிட்டன. காவல்காரரே போல்ட்டுகளைக் கழற்றவும் ஷாஃப்டைப் பின்னால் தள்ளவும் உதவி செய்தார். முதல் படகில் நட்டை எடுத்ததும் என் வெட்டு என்று தெரிந்துவிட்டது. நட்டின் அடியில் நீலச் சாயம் தடவி உட்காரவைத்து எடுத்தேன். பள்ளத்தின் அடி முழுவதும் நீலம் ஒட்டியிருந்தது, நட்டு எங்கும் சமமாகப் படிகிறது என்று அர்த்தம். இரண்டாவது படகு ராஜாங்கத்துடையது. அந்த நட்டு லேசில் வரவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி என் பாரம் முழுவதையும் போட்டேன். வழுக்கியது. பைப்புக்கும் படகின் கட்டைக்கும் நடுவில் என் விரல்கள் நசுங்கின. ஆனாலும் நட்டு கழன்றுவிட்டது. இடது கையால் நீலம் தடவிப் பார்த்தேன். அடியில் நூல் மாதிரி ஒரே ஒரு வளையம்தான் ஒட்டியது. மற்றதெல்லாம் வெறும் இரும்பு. அது உன் வெட்டு.

ராஜாங்கம் வந்தார். நான் அந்த வளையத்தைக் காட்டினேன். "அண்ணே, இத மறுபடி சீவணும். இப்புடியே போவாதீங்க" என்றேன்.

"இன்னா அண்ணி, மேஸ்திரி வெட்டினதுல நீ குத்தம் கண்டுபுடிக்கிற? கையில ரத்தம் கொட்டுது, முதல்ல அதப் பாரு" என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா வந்தார். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. அவர் கண்ணில் நான் பார்த்தேன். ஆனால் நட்டை எடுத்துப் போட்டு அவரே முடுக்கினார். "முருகையன் சாவுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து இப்புடிதான் இருக்கா. பயந்துட்டா" என்றார். ராஜாங்கம் தலையை ஆட்டினார். அந்தப் படகும் கிளம்பத் தயாராக நிற்கிறது.

அப்பாவை ஒரேயடியாக வெறுத்துவிடாதே. வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. "எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "எதுக்குன்னு கேப்பான். இன்னா சொல்றது? கேஸாயிடும். புள்ள கல்யாணமாகி ஆறு மாசம் ஆவல, உள்ள போவணுமா அவன்?" என்றார். "வேற யாரும் சாவணுமா?" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாம் கெட்டியா முடுக்கியிருக்குது. ஒண்ணும் ஆவாது" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு எழுந்து போன்களை எடுத்துப் பூட்டினார்.

நீ வந்தால் என்ன ஆகும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போலீஸ் வரலாம். ஜெயில்கூட வரலாம். முருகையனின் அண்ணன் தம்பிகள் உன் சட்டையைப் பிடிப்பார்கள், பிடிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. உன் மனைவி அழுவாள். அவளிடம் நீ இன்னும் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். சொல்லிவிட்டு வா. ஒளித்து வைத்துப் பிழைக்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் சுலபமாக இருக்கும். நாள் ஆக ஆக, நாம் இருக்கிற இடத்திலேயே நாம் இல்லாதவர்கள் மாதிரி ஆகிவிடுவோம். கண்ணெதிரே நெருப்புப் பிடித்தாலும் நம் சொல்லை ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராஜாங்கம் என் சொல்லைக் கேட்காமல் போனது அவர் கெட்டவர் என்பதால் இல்லை. இத்தனை வருஷமும் அவர் என்னை டீ கொடுக்கிற ஆளாக மட்டும் பார்க்கும்படி நானும்தான் வைத்திருந்தேன்.

நீ துறைமுகத்துக்கு வந்து, இந்தப் படகு, அந்தப் படகு என்று கை காட்டினால் போதும். அவற்றை மட்டும் நிறுத்திவிடுவார்கள். உன் பேச்சை நம்புவார்கள். மெஷின் இருக்கிறது, நான் இருக்கிறேன், கூட நின்று நீ ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுக்கலாம். ஒரு நாளோ இரண்டு நாளோ தாமதமாகக் கடலுக்குப் போவார்கள். திட்டுவார்கள். உயிரோடு திரும்பி வருவார்கள்.

நாளை பொழுது சாய்கிறவரை உனக்காகப் பார்ப்பேன். நீ வராவிட்டால் நானே துறைமுகத்துக்குப் போவேன். ஐஸ் ஏற்றுகிற இடத்தில் எல்லோரும் கூடியிருப்பார்கள். அங்கே நின்று, இந்தத் தடைக்காலத்தில் நம் பட்டறையிலிருந்து போன கப்ளிங் அத்தனையும் நான்தான் வெட்டினேன் என்று சொல்வேன். மேஸ்திரி ஒன்றைக்கூடத் தொடவில்லை, பொம்பளைதான் வெட்டினாள் என்று. அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது. மேட்டைப் பற்றிச் சொன்னபோது கேட்காதவர்கள், ஒரு பொம்பளை வெட்டியது என்று கேட்டதும் ஒரு படகையும் கடலுக்கு எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு கப்ளிங்கையும் கழற்றிப் பார்ப்பார்கள். நன்றாக இருப்பதையும் தூக்கி எறிவார்கள். முருகையனைக் கொன்றது நான் என்பார்கள். பட்டறையைத் திறக்க விடமாட்டார்கள். அப்பாவால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் அன்று ராத்திரி யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எனக்கு அது போதும்.

என் வெட்டு நல்ல வெட்டு, தம்பி. அதை ஒருநாளாவது ஊரறியச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அதைக் கெட்ட வெட்டு என்று என் வாயாலேயே சொல்லும்படி என்னை வைத்துவிடாதே. வா.

உன் அம்மா.

அண்ணா, இதற்குக் கீழே இருப்பது நானே எழுதுவது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறார்கள், தூங்கவில்லை. கை வீங்கிப் போயிருக்கிறது. எனக்கு அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது, பஸ்ஸை நினைத்தால் பயமாக இருக்கிறது. துறைமுகத்தில் அத்தனை ஆம்பளைகள் நடுவில் அம்மா போய் நிற்பதை நினைத்தால்தான் ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு யோசிக்கிறேன் என்று சொன்னால் நான் காத்திருக்க மாட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். நீ வராவிட்டால் அம்மா பக்கத்தில் நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.